கழுத்துப்பிடி அண்ணனும் ஐந்தாவது குண்டும்

போடி மலையில் ஏலக்காய் விளைகிறது, மிளகு விளைகிறது, காபி விளைகிறது. உலகத்தின் சகல துன்பங்களுக்கும் காரணம் கழுத்துதான் என்கிற ஞானம் மட்டும் அங்கே ஒரே ஒருவரிடம்தான் விளைந்தது. அவருக்குப் பெற்றவர்கள் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். ஆதார் அட்டையிலும் அது இருக்கும். ஆனால் போடி பஸ் நிலையத்திலிருந்து போடிமெட்டு செக்போஸ்ட் வரைக்கும் அவர் ‘கழுத்துப்பிடி’தான்.

பெயரைக் கேட்டுவிட்டுக் கந்துவட்டிக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். யார் கழுத்தையும் அவர் பிடித்ததில்லை. மெட்டுக்கு மேலே சின்னதாய் ஓர் ஏலத்தோட்டம், கீழே போடியில் வீடு, லைசென்ஸோடு ‘பாயின்ட் முந்நூற்றுப் பதினைந்து’ ரக ரைபிள் ஒன்று, மாவட்ட ரைபிள் கிளப்பில் ஆயுள் சந்தா. இவ்வளவுதான் மனிதர். அவருடைய கவலை முழுக்க, தோட்டாவின் பித்தளைக் கூடு குண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்தக் கழுத்தைப் பற்றி.

நான் அப்போது போடியில் ஒரு வங்கிக் கிளையில் இருந்தேன். ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, மனதை ஒருமுகப்படுத்தும் பொழுதுபோக்கு ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அவர் மனதில் இருந்தது தோட்டவேலையாக இருக்கலாம். நான் ராசிங்காபுரம் பக்கம் மலையடிவாரத்தில் இருந்த ரைபிள் கிளப்பில் சேர்ந்தேன். என் குறியைப் பற்றி அடக்கமாகவே சொல்கிறேன்: என் குண்டுகள் ஒருநாளும் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவறவிட்டதில்லை.

முதல் நாளே கழுத்துப்பிடி அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“தம்பி, சோடா பாட்டில் தெரியுமா?”

“தெரியும்ணே.”

“தோட்டாவும் அந்த மாதிரிதான். வயித்துல மருந்து, கழுத்துல தக்கை. அந்தத் தக்கைதான் குண்டு. கழுத்து ரொம்ப இறுக்கிப் பிடிச்சிருச்சுன்னு வைங்க, குண்டு கோவிச்சுக்கிட்டுக் கிளம்பும். லூசா விட்டுருச்சுன்னா தூங்கி வழிஞ்சுக்கிட்டுக் கிளம்பும். எம்புட்டு இறுக்கம்ங்கிறது பெரிய சோலி இல்ல தம்பி. அஞ்சு தோட்டாவும் ஒரே இறுக்கமா இருக்கணும். அதான் சோலி.”

சுட்ட கூட்டை எடுத்து, அச்சில் கொடுத்துக் கழுத்தைச் சுருக்கி, மருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டா ஆக்குவார்கள். இதெல்லாம் கிளப்பின் பூட்டிய அறையில், அனுமதியோடு, செயலாளர் பார்வையில் நடக்கும். கூட்டைப் பலதரம் சுட்டுப் பலதரம் சுருக்கினால் பித்தளைக்கு வயதான மனிதர்களின் குணம் வந்துவிடும். ஒன்று விறைத்துக்கொள்ளும், ஒன்று தொளதொளக்கும், ஒன்று சொன்ன பேச்சுக் கேட்கும். ஆக, ஒரே கைப்பிடியில் எடுத்த ஐந்து கூடுகளும் குண்டை ஐந்து விதமாகப் பிடிக்கும்.

இதைக் கண்டுபிடிக்க அண்ணன் எந்தக் கருவியையும் நம்பவில்லை. அச்சின் கைப்பிடியை இரண்டு விரலால் இழுப்பார், கண்ணை மூடிக்கொள்வார். குண்டு கழுத்துக்குள் இறங்கும்போது தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும். “ம்” என்றால் சரி. “ம்ம்ம்” என்றால் இறுக்கம். “ம்ஹூம்” என்றால் தளர்வு. எதிரே மூன்று தட்டு. கிளப் செயலாளர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வாழ்நாள் முழுக்க அமைதியான வகுப்பறைக்கு ஏங்கியவர்.

“ஏங்க, இது ரைபிள் கிளப்பா, பிரசவ ஆஸ்பத்திரியா?” என்பார்.

“ரெண்டும்தான் சார். வெளிய வரப்போறது எப்படிப் பிள்ளைன்னு இப்பவே தெரியணும்ல?”

பித்தளையோடு இந்த வியாதி நின்றிருந்தால் ஊரில் அவரைப் பற்றிப் பேச்சே இருந்திருக்காது. போடிமெட்டில் பஸ்சுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் டீக்கடை பிஸ்கட் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்ப்பார். கடைக்காரர் மலையாளி, பொறுமைசாலி. “எண்ட பொன்னு அண்ணே, எந்தா நோக்குன்னது? பிஸ்கட் வேணோ வேண்டயோ?” என்று கேட்டால், “சேட்டா, இந்த மூடி ஒரு பிடி, அந்த மூடி ஒரு பிடி. பிஸ்கட் நமுத்துப் போகாம என்ன செய்யும்?” என்று பதில் வரும். தோட்டத்திலிருந்து ஜீப்பில் மூட்டை ஏற்றும் நாளில், எல்லா மூட்டை வாயும் ஒரே இறுக்கமாகக் கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்து, இரண்டை அவிழ்த்துக் கட்டச் சொல்வார். ஜீப்பு போய்விடும். அடுத்த ஜீப்புக்கு லோடுமேன்கள் அவரைத் தோட்டத்து ஆபீசுக்குள் உட்காரவைத்துக் கதவை வெளியே பூட்டிவிட்டு ஏற்றினார்கள்.

உச்சம் ஒரு கல்யாண வீடு. மாப்பிள்ளை தாலி கட்டுகிறான், கெட்டிமேளம் முழங்குகிறது, அட்சதை பறக்கிறது. மேளம் நின்ற அந்த ஒரு கணத்தில், முன்வரிசையிலிருந்து இவர் குரல் தெளிவாகக் கேட்டது:

“மூணு முடிச்சும் ஒரே பிடியா விழுகலையே.”

பெண்வீட்டார் இன்றுவரை அவருக்குப் பத்திரிகை வைப்பதில்லை. அந்த மாப்பிள்ளை மட்டும் அவரை எங்கே பார்த்தாலும் ஓரமாகக் கூப்பிட்டு, “அண்ணே, எந்த முடிச்சுண்ணே?” என்று கவலையோடு கேட்கிறானாம்.

இவ்வளவு கவனம் இருந்தும் அவர் வாழ்க்கையில் ஒரு முள் இருந்தது. ஐந்தாவது குண்டு. நூறு மீட்டரில் ஐந்து குண்டு, ஐந்தும் ஒரு டீ கிளாஸ் வாய் அகலத்துக்குள் விழ வேண்டும். இது அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட கணக்கு. நாலு ஒழுங்காக விழும். ஐந்தாவது மட்டும் கோயில் திருவிழாவில் காணாமல் போன பிள்ளை மாதிரி எங்காவது தனியாக நிற்கும். வருஷா வருஷம் போட்டிக்குப் போவார், நாலோடு திரும்புவார், மறுநாள் காலை மூன்று தட்டோடு முதல் ஆளாகக் கிளப் வாசலில் நிற்பார்.

ஒரு ஆடி மாதம், சாரல் விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்தும் உள்ளே விழுந்தன.

நான் தொலைநோக்கியில் பார்த்துச் சொன்னதை அவர் நம்பவில்லை. எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்றார். செயலாளர் வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் எழுந்து நின்று கும்பிட்டார். யாரை என்று தெரியவில்லை, மலைப்பக்கமாக. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“தம்பி, இந்த நீலச் சட்டை எப்ப எடுத்தது?”

“தீபாவளிக்குண்ணே. ஏன்?”

“இனிமே ஞாயித்துக்கிழமை இதைத்தான் போட்டுட்டு வரணும். துவைக்கப்படாது.”

கழுத்தை ஆராய்ந்தார், காற்றை ஆராய்ந்தார், அன்று காலை சாப்பிட்ட இடியாப்பத்தை ஆராய்ந்தார். மூன்று வாரம் இடியாப்பமே சாப்பிட்டார். மூன்று வாரமும் நான் அதே சட்டையில் போனேன். வீட்டில் என் மனைவி என்னைக் காற்று வீசும் திசைக்கு எதிர்ப்பக்கம் உட்காரவைத்தாள். நாலு, நாலு, நாலு என்றே விழுந்தது. கடைசியில் அந்த அதிர்ஷ்டக் கூடுகளில் ஒன்றை எடுத்து நான் தற்செயலாக முகர்ந்தேன்.

“அண்ணே, இதுல பாயாச வாசம் வருது.”

வாங்கி முகர்ந்தார். முகம் மாறியது. “வெரசா வண்டியை எடுங்க” என்றார்.

வீட்டில் மதினி முறத்தோடு உட்கார்ந்திருந்தார். அண்ணனின் மனைவி பாண்டியம்மாளைத்தான் சொல்கிறேன். தோட்டத்துக் கணக்கு, ஆள், உரம், ஸ்டோர்ச் சாவி எல்லாம் அவர் இடுப்பில். ஸ்டோர் என்றால் கடை இல்லை. பறித்த ஏலக்காயைச் சூட்டில் காயவைக்கும் கட்டடம். அண்ணன் கையில் இருந்தது கழுத்து மட்டும்.

“பாண்டி, நான் கழுவி வச்ச கூட்டையெல்லாம் ஆடி மாசம் நீ என்ன செஞ்ச?”

“என்ன செஞ்சேன்? நீங்க கழுவிட்டு மழையில காயப்போட்டுப் போயிட்டீக. அது என்னைக்குக் காய? ஸ்டோர்ல காயோட தட்டுல போட்டு வச்சேன். நல்லாத்தான காஞ்சுச்சு?”

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஏலக்காய் சூட்டில் விடும் எண்ணெய், ஆவியாகிக் கழுத்துகளுக்குள் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. எல்லாக் கழுத்திலும் ஒரே பூச்சு. குண்டு வழுக்கிக்கொண்டு ஒரே மாதிரி இறங்கியிருக்கிறது. ஏலத்தோட்டக்காரர் வீட்டைத் தவிர உலகத்தில் வேறெங்கும் நடக்க முடியாத தவறு இது.

அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. முதல் பறிப்புக் காயோடு வைத்தார், இரண்டாம் பறிப்புக் காயோடு வைத்தார், வெடித்த காயோடு வைத்தார். எட்டு மில்லிமீட்டர் முதல் தரக் காய்தான் சரியான பூச்சுத் தருகிறது என்று முடிவுக்கு வந்தார். ரைபிளின் வாயும் எட்டு மில்லிமீட்டர் என்பதில் தெய்வச் செயலைக் கண்டார். ஆக, தோட்டத்திலேயே விலை போகக்கூடிய காயெல்லாம் பித்தளையோடு குடித்தனம் நடத்தியது.

ஏலக்காய் ஏலம் விடும் மையத்தில் இப்போது எல்லாம் கம்ப்யூட்டர்தான். ஆனால் மாதிரிப் பொட்டலத்தைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டி, முகர்ந்து, ஒரு காயைக் கடித்துப் பார்க்கும் பழக்கத்தை எந்தக் கம்ப்யூட்டராலும் ஒழிக்க முடியவில்லை. அன்று மதினியும் வந்திருந்தார். ஒரு வியாபாரி முகர்ந்தார், கடித்தார், மென்றார், நிறுத்தினார்.

“யாரு காய் இது? தீபாவளி வாசம்ல அடிக்குது?”

அடுத்தவர் வாங்கி முகர்ந்தார். “ஆமா, லட்சுமி வெடி.” இன்னொருவர், “இல்லப்பா, புஸ்வாணம்” என்றார். கூடமே சிரித்தது. அந்தக் காயை அன்று யாரும் எடுக்கவில்லை. தோட்டத்தின் பெயர் விலையில்லாமல் ஏலத் திரையில் அப்படியே நின்றது. மதினி நிமிரவில்லை.

அண்ணன் என் காதில் மெதுவாகச் சொன்னார்: “மருந்துக் கரி போகல தம்பி. இன்னும் நல்லாக் கழுவணும்.”

அதை மதினியும் கேட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறைக்குப் போய் ஒரு டீ கிளாஸைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் டக்கென்று வைத்தார். நான் டீ வரும் என்று நினைத்தேன், வெறும் கிளாஸ்.

“இந்தாங்க, கேட்டுக்கங்க. கொழுந்தனாரே, நீங்களும் சாட்சி. தை மாசம் லைசென்ஸ் புதுப்பிக்கணும். மார்கழில போட்டி. அதுல அஞ்சும் இந்தக் கிளாசு வாய்க்குள்ள விழுகணும். விழுந்தா புதுப்பிச்சுக்கங்க, நான் ஒரு வார்த்த பேச மாட்டேன். விழுகலன்னா துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டு, மனுசனா வீட்டுக்கு வாங்க. இனி ஸ்டோருக்குள்ள ஒரு பித்தளை வந்துச்சு, நான் எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருவேன்.”

கெஞ்சுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கிளாஸை எடுத்து, வாயை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“சரி” என்றார்.

ஏலக்காய் இல்லாமல், எண்ணெய் இல்லாமல், வெறும் கழுத்தை வைத்துக்கொண்டு ஐந்தையும் ஒன்றாக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இரண்டும் கிளப்பின் அந்தப் பூட்டிய அறையில் கழிந்தன. ஒவ்வொரு கூட்டையும் சுருக்குவார், குண்டை இறக்குவார், முனகுவார், பிடிக்காததை ஒதுக்குவார். ஒரு டப்பா நிறைய இருந்த கூடுகள் கைப்பிடி அளவாகக் குறைந்தன. புதுக் கூட்டுக்கு எழுதிப்போட்டிருந்த விண்ணப்பம் எங்கேயோ இன்னொரு விண்ணப்பத்துக்காகக் காத்திருந்தது.

எனக்கே பொறுக்கவில்லை. “விட்டுருங்கண்ணே. வயசு காலத்துல எதுக்கு இந்த இம்சை? என்னைப் பாருங்க, ஒரு குண்டும் உள்ள விழுகல, நிம்மதியா இல்லையா?”

கைப்பிடியை விடாமலே சொன்னார்: “தோட்டத்துல மழை நம்ம கையில இல்ல. நோவு நம்ம கையில இல்ல. வெலை சுத்தமா நம்ம கையில இல்ல. இந்தக் கழுத்து ஒண்ணுதான் தம்பி நம்ம கையில இருக்கு. இதையும் விட்டுட்டா நான் சும்மா வேடிக்கை பாக்கிறவன்ல?”

வங்கிக்காரனாக வேடிக்கை பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்த நான், அடுத்த கூட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

போட்டிக்கு முந்திய சாயங்காலம், மிஞ்சிய கூடுகளில் கடைசி ஐந்து தோட்டாக்களைத் தயார் செய்தார். செயலாளரும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். “ம்.” “ம்.” “ம்.” “ம்.” நான்கும் ஒரே சுருதி. ஐந்தாவதுக்குக் கைப்பிடியை இழுத்தார். சத்தமே வரவில்லை. கண்ணைத் திறந்தார்.

“ம்ஹூம்.”

“வேற கூடு எடுத்துக்கங்களேன்” என்றார் செயலாளர், முதல்முறையாகக் கெஞ்சும் குரலில்.

“இல்ல சார். இந்த நாலும் கூடப்பொறந்ததுக. இது சித்தப்பா மகன். மிச்சம் கிடக்கிறதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரன். இதைவிட நல்லது நம்மகிட்ட கிடையாது.”

மறுநாள் மதினி ஜீப்பில் வந்து இறங்கினார், டீ கிளாஸைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு. கயிற்றுக்குப் பின்னால் என் பக்கத்தில் நின்றார். அண்ணன் குப்புறப் படுத்து, நிதானமாக நாலு சுட்டார். நான் தொலைநோக்கியில் பார்த்தேன். நாலும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குந்தியிருந்தன. அப்படி ஒரு நாலை அவர் அதுவரை சுட்டதில்லை.

ஐந்தாவது தோட்டாவைக் கையில் எடுத்தார். உள்ளே போடாமல் எங்கள் பக்கம் திரும்பினார்.

“பாண்டி, இது உள்ள போகாது.”

“என்ன?”

“கழுத்துப் பிடி கம்மி. அந்த நாலுக்கும் கீழ நாலு விரக்கடை இறங்கி விழுகும். சொல்லிட்டேன்.”

எனக்குப் பொறி தட்டியது. கயிற்றுக்கு மேல் எக்கி, ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு மைதானத்துக்கே கேட்கும்படி சொன்னேன்: “அண்ணே! அப்ப நாலு விரக்கடை மேல பாத்து அடிங்கண்ணே!”

அவர் பார்த்த மாதிரி வங்கியில் வராக்கடன்காரர்கள்கூட என்னைப் பார்த்ததில்லை.

“அது குறியை ஏமாத்துறது தம்பி. கழுத்து தப்புன்னா கழுத்தைத் திருத்தணும். கண்ணைத் திருத்தப்படாது.”

செயலாளர் இருமினார். அண்ணன் திரும்பிப் படுத்து, நேராகக் குறி பார்த்து, சுட்டார்.

அட்டையைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார்கள். மதினி துண்டை அவிழ்த்து, கிளாஸை எடுத்து, நாலு ஓட்டையின் மேல் கவிழ்த்தார். நாலும் உள்ளே. ஐந்தாவது வெளியே, கீழே, பரிதாபமாக. அண்ணன் துப்பாக்கியை உறைக்குள் போட்டு, அதன் வாயைக் கட்ட ஆரம்பித்தார். ஒரே இறுக்கமாக.

மதினி கிளாஸை நகர்த்திவிட்டுக் குனிந்தார். நாலு ஓட்டைக்குக் கீழே தன் நாலு விரலைச் சேர்த்துக் குறுக்காக வைத்தார். கடைசி விரலின் கீழ் விளிம்பில் அந்த ஐந்தாவது ஓட்டை இருந்தது.

“நாலு விரக்கடைன்னீகளே, உங்க விரலுக்கா, என் விரலுக்கா?”

“உன் விரலுக்குத்தான்.”

மதினி நிமிர்ந்தார்.

“எங்க விழுகும்னு சொன்னீகளோ அங்கனதான் விழுந்திருக்கு” என்றார் பொதுவாக, யாரிடம் என்று இல்லாமல். பிறகு கிளாஸைத் துண்டில் சுற்றினார். “வாங்க, போடியில ஸ்டுடியோ சாத்திருவான். லைசென்சுக்குப் போட்டோ எடுக்கணும்ல? தலையைச் சீவுங்க, நீங்களும் உங்க கோலமும்.”

அண்ணன் சீப்பைத் தேடிப் பையெல்லாம் தடவினார். என்னிடம் வாங்கிச் சீவினார். வகிடு நேராக விழும்வரை மூன்று தரம் அழித்து எடுத்தார்.

பிறகு எனக்கு மாற்றல் வந்துவிட்டது. இப்போது சென்னையில், மலையே இல்லாத ஊரில், எதையும் தவறவிட வசதியில்லாமல் இருக்கிறேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் போடியிலிருந்து ஒரு ஏலக்காய்ப் பொட்டலம் வரும். போன் செய்து, “என்னண்ணே, இந்த வருஷம்?” என்பேன். “நாலு தம்பி. ஆனா அஞ்சாவது கிட்ட வந்துருச்சு” என்பார். பொட்டலம் பிரித்ததும் முதலில் முகர்ந்து பார்ப்பது என் வழக்கம். வெறும் ஏலக்காய் வாசம்தான் வரும். பாயாசத்துக்கு நல்லது, எனக்கு என்னவோ ஒரு ஏமாற்றம்.

இந்தப் பொங்கலுக்கும் வந்தது. பிரித்து முகர்ந்தேன். நல்ல காய். அதற்கும் அடியில், மிக மிக லேசாக, தீபாவளி. ஸ்டோர்ச் சாவி இன்னும் மதினி இடுப்பில்தான் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். அவர் திறந்துவிடாமல் ஒரு பித்தளையும் உள்ளே போயிருக்காது.

அடுத்த மார்கழிப் போட்டிக்கு, முன்பதிவு திறந்ததுமே போடி ரயிலில் டிக்கெட் எடுக்க வேண்டும். அந்த நீலச் சட்டையைத் தேடிப் பெட்டியில் எடுத்து வைத்துவிட்டேன். துவைக்கவில்லை.